எத்தனை நாற்காலி என்று முதலில் கேளுங்கள்

நான் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்று பிளாக்குகள். ஏ பிளாக்கில் 44 வீடு, பி பிளாக்கில் 24, சி பிளாக்கில் 16, ஆக மொத்தம் 84 ஓட்டு. சங்கத்துக்கு ஐந்து பேர் கொண்ட செயற்குழு, வீட்டுக்கு ஒரு வாக்குச்சீட்டு, அதில் ஐந்து பேருக்கு டிக் போடலாம். கடந்த தேர்தலில் ஜெயித்த ஐந்து பேரும் ஏ பிளாக். கள்ள ஓட்டு இல்லை, மிரட்டல் இல்லை, எண்ணிக்கையில் தப்பு இல்லை (நான்தான் எண்ணினேன்). ஏ பிளாக்காரர்கள் தங்களுக்குப் பழக்கமான ஐந்து பேருக்கு டிக் போட்டார்கள், மற்ற இரண்டு பிளாக்காரர்கள் கைகோத்துக்கொண்டு வேறு ஐந்து பேருக்குப் போட்டார்கள், 44 என்பது 40ஐவிடப் பெரிய எண், கதை முடிந்தது. அப்புறம் சி பிளாக் லிஃப்ட் பழுதாகி மூன்று மாதம் அப்படியே நின்றதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அன்றிலிருந்து ஊர் உலகத்தில் உள்ளாட்சித் தேர்தல்களை எப்படியெல்லாம் நடத்துகிறார்கள் என்று கையில் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் இதைப் பற்றிப் பேசக் கூடாது என்று எனக்குத் தடை உத்தரவு போட்டிருக்கிறார்கள். அதனால் இங்கே.

இந்த விஷயத்தில் ஆர்வம் வந்த எல்லோரும் முதலில் விழும் குழி ஒன்று இருக்கிறது, நானும் விழுந்தேன். வாக்குச்சீட்டில் எப்படிக் குறியிடுவது என்ற சண்டை. ஒரே ஒரு டிக்கா, பிடித்தவர்கள் எல்லோருக்கும் டிக்கா, 1, 2, 3 என்று வரிசை எண்ணா, அல்லது பரீட்சைத் தாள் மாதிரி மதிப்பெண்ணா? மாதக்கணக்கில் இதையே படித்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றை யாரும் அழுத்திச் சொல்லவில்லை: ஒரு வார்டிலிருந்து எத்தனை பேர் உள்ளே போகப் போகிறார்கள்? ஒருவரா, ஐவரா? இதற்கு விடை தெரியாமல் குறியிடும் முறையைப் பற்றிப் பேசுவது, எத்தனை பேர் ஏறப்போகிறார்கள் என்று தெரியாமல் வண்டி வாங்கப் போவது மாதிரி.

சரி, முதலில் ஒரே நாற்காலி. மேயர் என்று வைத்துக்கொள்வோம். இங்கே பிரச்சினை எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஓட்டைப் பிரிப்பது. இங்கிலாந்தில் 2025 மே மாதம் நடந்த வெஸ்ட் ஆஃப் இங்லண்ட் வட்டார மேயர் தேர்தலில் ஜெயித்தவர் வாங்கியது 25 விழுக்காடு. ஓட்டுப் போட வந்தவர்களே சுமார் 30 விழுக்காடுதான். ஆக, பட்டியலில் பெயர் இருக்கும் நூறு பேரில் ஏழெட்டுப் பேர் கை தூக்கியதில் ஒருவர் ஒரு வட்டாரத்துக்கே மேயர். இதில் வேடிக்கை என்னவென்றால் அதே நாட்டில் 2022 வரை மேயர் தேர்தல்களுக்கு வேறு முறை இருந்தது. சீட்டில் இரண்டு வரிசை, முதல் விருப்பம் ஒன்று, இரண்டாம் விருப்பம் ஒன்று. யாருக்கும் பாதிக்கு மேல் வரவில்லையென்றால் முதல் இருவரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களின் சீட்டிலிருந்த இரண்டாம் விருப்பத்தை எண்ணுவார்கள். பெரிய கணக்கு எதுவுமில்லை. 2022இல் சட்டம் போட்டு அதை நீக்கிவிட்டார்கள், மூன்றே வருடத்தில் இந்த 25 விழுக்காடு மேயர் வந்து நின்றார்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரம் இதே பிரச்சினைக்கு வேறு வழியில் போனது. 2017இல் அங்கே ஜனநாயகக் கட்சியின் மேயர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் போட்டியில் ஏழு பேர் நின்றார்கள். லைடா க்ரூசன் 32 விழுக்காட்டில் ஜெயித்தார், டிஷாரா ஜோன்ஸ் 888 ஓட்டில் தோற்றார். அந்த நகரத்தில் அந்தக் கட்சியின் வேட்பாளர் ஆவதும் மேயர் ஆவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால் வயிற்றெரிச்சல் பெரிதாக இருந்தது. 2020 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் 68 விழுக்காடு ஆதரவோடு முறையையே மாற்றினார்கள். கட்சி வாரியான முதல் சுற்று கிடையாது, எல்லோரும் ஒரே சீட்டில், பிடித்தவர்கள் எத்தனை பேரோ அத்தனை பேருக்கும் டிக், அதில் முதல் இரண்டு இடத்தில் வருபவர்கள் ஒரு மாதம் கழித்து நேருக்கு நேர். 2021இல் ஜோன்ஸுக்கு 57 விழுக்காட்டினர் டிக் போட்டார்கள், காரா ஸ்பென்சருக்கு 46. ஏப்ரலில் ஜோன்ஸ் மேயர். நான்கு வருடம் கழித்து அதே இரண்டு பேர், அதே முறை, இந்த முறை ஸ்பென்சருக்கு 68, பதவியில் இருந்த ஜோன்ஸுக்கு 33. ஸ்பென்சர் மேயர் ஆனார்.

இந்த எண்களில் எனக்குப் பிடித்தது அந்த 33. பழைய முறையில் ஒருவருக்கு 33 விழுக்காடு வந்தால் அது எதைச் சொல்கிறது என்று யாருக்கும் தெரியாது, மற்றவர்கள் அவரை வெறுத்தார்களா அல்லது வேறொருவரைக் கொஞ்சம் அதிகமாக விரும்பினார்களா என்பது சீட்டில் இல்லை. இங்கே சீட்டில் இருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு மக்களுக்கு இலவசமாக ஒரு டிக் போடும் வாய்ப்புக் கொடுத்தும் அவர்கள் போடவில்லை என்றால் அது வெளிப்படையான தகவல்.

இதே டிக் முறையை முதலில் கொண்டுவந்த அமெரிக்க நகரம் வடக்கு டகோட்டாவிலுள்ள ஃபார்கோ. 2018இல் மக்கள் கேட்டு வாங்கினார்கள், 2020இல் முதல் தேர்தல். பெரிய புகார் எதுவுமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. 2025இல் மாநில சட்டமன்றம், எந்த ஊரிலும் இது கூடாது, வரிசை எண் முறையும் கூடாது என்று சட்டமே போட்டுவிட்டது. ஃப்ளோரிடாவும் டென்னஸியும் 2022இலேயே வரிசை எண் முறைக்குத் தடை போட்டுவிட்டன. ஓர் ஊர் தன் மேயரை எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்பதில் மேலே இருப்பவர்களுக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்பதற்குக் கீழே வருகிறேன்.

வரிசை எண் முறை. இதன் மேல் எனக்கு ஒரு காலத்தில் காதலே இருந்தது. 1, 2, 3 என்று எழுதுங்கள், முதல் விருப்பங்களில் யாருக்கும் பாதி வரவில்லையா, கடைசியில் இருப்பவரை நீக்கிவிட்டு அவருடைய சீட்டுகளை அந்தந்தச் சீட்டில் அடுத்து இருப்பவருக்குக் கொடுங்கள், இப்படியே போய் ஒருவர் பாதியைத் தாண்டும்வரை. கேட்கும்போது எவ்வளவு நியாயமாக இருக்கிறது! பிடித்தவருக்கு 1 போடலாம், அவர் தோற்றாலும் ஓட்டு வீணாகாது.

அந்தக் காதலை முறித்தது பர்லிங்டன். வெர்மான்ட் மாநிலத்திலுள்ள சின்ன நகரம், 2009 மேயர் தேர்தல், ஒன்பதாயிரம் ஓட்டுக்கும் குறைவு. முதல் சுற்றில் குடியரசுக் கட்சியின் கர்ட் ரைட் 2951, முற்போக்குக் கட்சியின் பாப் கிஸ் 2585, ஜனநாயகக் கட்சியின் ஆண்டி மான்ட்ரோல் 2063, பிறகு ஒரு சுயேச்சை 1306, மீதி உதிரி. கடைசியில் இருந்தவர்களை நீக்கிக்கொண்டே வந்தபோது மூன்றாம் இடத்தில் இருந்த மான்ட்ரோலும் போனார். இறுதிச் சுற்றில் கிஸ் 4313, ரைட் 4061. கிஸ் மேயர். இதுவரை சரி.

ஆனால் எல்லாச் சீட்டுகளின் வரிசையையும் நகரம் வெளியிட்டிருந்தது, ஆகவே கணக்குப் பிரியர்கள் உட்கார்ந்து வேறு ஒன்றையும் எண்ணிப் பார்த்தார்கள். மான்ட்ரோலையும் கிஸ்ஸையும் மட்டும் நேருக்கு நேர் நிறுத்தினால் யாரை மேலே எழுதியவர்கள் அதிகம்? மான்ட்ரோல், ஏறத்தாழ 54க்கு 46. மான்ட்ரோலும் ரைட்டும் என்றால்? மறுபடி மான்ட்ரோல், ஏறத்தாழ 56க்கு 44. அதாவது மற்ற ஒவ்வொருவரையும் தனித்தனியாகத் தோற்கடிக்கக் கூடியவர் மூன்றாவதாக வந்து வெளியேறிவிட்டார். இன்னும் மோசமானது, ரைட்டின் ஆட்களில் அடுத்த விருப்பம் குறித்தவர்களில் பெரும்பாலோருக்குக் கிஸ்ஸைவிட மான்ட்ரோல் பரவாயில்லை. அவர்களில் சில நூறு பேர் தங்களுக்குப் பிடித்த ரைட்டைக் கீழே தள்ளி மான்ட்ரோலுக்கு 1 போட்டிருந்தால் கிஸ் ஜெயித்திருக்க மாட்டார். பிடித்தவருக்குப் பயமில்லாமல் 1 போடலாம் என்று சொல்லித்தானே விற்றார்கள்? ஓட்டைப் பிரிப்பவர் பிரச்சினை தீரவில்லை, பின்கட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. 2010இல் அந்த ஊர் மக்கள் 52க்கு 48 என்று முறையை நீக்கினார்கள். இதில் கிஸ் மீது இருந்த தனிப்பட்ட கோபமும் கலந்திருந்தது என்பதும் உண்மை, ஏனென்றால் அதே ஊர் 2021இல் நகர மன்றத்துக்கும் 2023இல் மேயருக்கும் அதே முறையை மறுபடி கேட்டு வாக்களித்தது. மனிதர்கள்.

(இரண்டிரண்டு பேராக நிறுத்தி எண்ணும் யோசனை புதிதல்ல. பிரான்ஸின் கொந்தோர்சே 1785இல் எழுதினார், அவருக்கு ஐந்து நூற்றாண்டு முன்னாலேயே ரமோன் லுல் என்ற கத்தலான் சிந்தனையாளர் இதுபோல ஒன்றை எழுதி வைத்திருக்கிறார். அப்புறம் 1951இல் கென்னத் ஏரோ என்ற பொருளாதார அறிஞர் வந்து, மூன்று பேரோ அதற்கு மேலோ நின்றால் எந்த வரிசை முறையும் நாம் நியாயமாக எதிர்பார்க்கும் சில குணங்களை ஒருசேரக் காப்பாற்ற முடியாது என்று கணிதமாகவே நிரூபித்துவிட்டார். தேர்தல் முறை விவாதங்களில் தோற்கப் போகிறவர் கடைசியாக எடுத்து வீசும் கல் ஏரோவுடைய தேற்றம்தான். ஒரு முறையும் முழுமையில்லை என்பதால் எல்லாம் சமம் என்று ஆகிவிடாது.)

எண்ணுவதில் இன்னொரு சங்கடமும் உண்டு. சாதாரண டிக்கை ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் எண்ணி எண்களைக் கூட்டினால் போதும். வரிசை எண் முறையில் யாரை நீக்குவது என்பது மொத்தத்தையும் பார்த்த பிறகுதான் தெரியும், எனவே எல்லாச் சீட்டும் ஒரே இடத்துக்கு வர வேண்டும், அல்லது எல்லாச் சீட்டின் தகவலும். 2021இல் நியூயார்க் நகரத்தில் மேயர் வேட்பாளருக்கான போட்டியில் முதல்முறை இப்படி எண்ணினார்கள். சோதனைக்காகப் போட்டு வைத்திருந்த 135000 பொய்ச் சீட்டுகளை நீக்க மறந்து அதையும் சேர்த்து முடிவு அறிவித்து, சில மணி நேரத்தில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். கடைசியில் எரிக் ஆடம்ஸ் 7197 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். தவறு முறையில் இல்லை, ஆட்களிடம். ஆனால் இதைத் தெருவில் நிற்பவரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

இலங்கைத் தமிழர்களுக்கு இது பழைய செய்தி, அங்கே ஜனாதிபதித் தேர்தல் சீட்டில் மூன்று விருப்பம் வரை குறிக்கலாம். பல தேர்தல் நடந்தும் 2024 வரை இரண்டாம் விருப்பத்தை எண்ண வேண்டிய தேவையே வரவில்லை. 2024இல் முதல் எண்ணிக்கையில் அநுர குமார திசாநாயக்க 42.31 விழுக்காட்டில் நின்றதால் முதல்முறையாக எண்ணினார்கள். மூன்றாம் இடத்திலிருந்து கீழே இருந்த அத்தனை பேருக்கும் சேர்த்து விழுந்தது சுமார் 33 லட்சம் ஓட்டு, அதில் முதல் இருவருக்குமான விருப்பமாக எண்ணக் கிடைத்தது 3 லட்சத்துக்கும் குறைவு. உரிமை சீட்டிலேயே அச்சடித்துக் கிடந்தது, பெரும்பாலானோர் ஒன்றைக் குறித்துவிட்டுப் போய்விட்டார்கள். முறையை மாற்றுவது ஒரு வேலை, அதை ஆட்களுக்குப் பழக்குவது இன்னொரு வேலை.

ஆகவே ஒரே நாற்காலிக்கு என் கருத்து: பிடித்தவர்களுக்கெல்லாம் டிக் போடுவது போதும். கையால் எண்ணலாம், தாத்தா பாட்டிக்கு ஒரு வரியில் சொல்லிப் புரியவைக்கலாம், செல்லாத ஓட்டு கிட்டத்தட்ட இருக்காது. வரிசை எண் ஆதரவாளர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள், "இரண்டாவதாகப் பிடித்தவருக்கு டிக் போட்டு முதலாமவரைத் தோற்கடித்துவிட்டேனே" என்ற தவிப்பு இதில் உண்டு என்பார்கள், உண்மைதான், உண்டு. பர்லிங்டன் தவிப்பைவிட அது சின்னது என்பது என் எண்ணம்.

ஆனால் உள்ளாட்சியில் மேயர் ஒருவர். கவுன்சிலர்கள் ஐம்பது, நூறு. அங்கேதான் நான் முதலில் கேட்ட கேள்வி கடிக்கிறது.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர மன்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2003இல் அங்கே 79 இடம், வார்டுக்கு ஒருவர், அதிக ஓட்டு வாங்கியவர் வெற்றி. தொழிற்கட்சிக்குப் பாதிக்கும் குறைவான ஓட்டு, 79இல் 71 இடம். பாதிக்கு மேற்பட்ட மக்கள் வேறு யாருக்கோ போட்டும் அவர்களுக்கெல்லாம் சேர்த்து எட்டு நாற்காலி. அந்த 79 வார்டிலும் டிக்கோ வரிசை எண்ணோ எதைக் கொண்டுவந்தாலும் சில இடங்கள் கைமாறியிருக்கும், அவ்வளவுதான். ஒவ்வொரு வார்டிலும் பலம் உள்ளவர் ஒருவர் என்றால் ஒவ்வொரு வார்டிலும் அவர்தான் ஜெயிப்பார்.

2004இல் ஸ்காட்லாந்து சட்டத்தை மாற்றியது. வார்டுகளைப் பெரிதாக்கி ஒவ்வொன்றிலும் மூன்று அல்லது நான்கு பேர், சீட்டில் வரிசை எண், எண்ணுவது ஒற்றை மாற்று வாக்கு முறையில். 2007இல் கிளாஸ்கோவில் தொழிற்கட்சிக்குக் கிடைத்தது 45. இன்னொரு எண் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. 2003இல் ஸ்காட்லாந்து முழுவதும் 61 வார்டில் எதிர்த்து நிற்கவே ஆளில்லாமல் போட்டியின்றித் தேர்வு நடந்தது, 2007இல் ஒன்றுகூட இல்லை. எப்படியும் அவர்தான் ஜெயிப்பார் என்று தெரிந்த இடத்தில் நேரத்தையும் உழைப்பையும் தொலைக்க யார் வருவார்? நாலில் ஒரு இடம் கிடைக்கலாம் என்றதும் வருகிறார்கள்.

ஒற்றை மாற்று வாக்கு எப்படி எண்ணப்படுகிறது என்பதை என் குடியிருப்பை வைத்தே சொல்லிவிடுகிறேன், இதைத்தான் வீட்டில் சாப்பாட்டு மேசையில் காகிதத் துண்டுகளை வைத்துச் செய்து காட்டித் தடை வாங்கினேன். 84 ஓட்டு, 5 இடம். இடங்களோடு ஒன்றைக் கூட்டி ஆறால் வகுத்தால் 14, அதோடு ஒன்று சேர்த்து 15. இதுதான் கோட்டா. 15 வாங்கியவரை வெளியே நிறுத்த முடியாது, ஏனென்றால் ஆறு பேருக்குத் தலா 15 வர 90 ஓட்டு வேண்டும், நம்மிடம் 84தான். யாராவது 15க்கு மேல் வாங்கினால் மிச்சம் அந்தச் சீட்டுகளில் அடுத்து இருப்பவருக்குப் போகும், யாருக்கும் 15 வரவில்லையென்றால் கடைசியில் இருப்பவரை நீக்கி அவர் சீட்டுகள் நகரும். அவரவர் பிளாக்குக்கே அவரவர் போட்டாலும், ஏ பிளாக்கின் 44இல் இரண்டு முழுக் கோட்டா, மிச்சம் 14. பி-யின் 24இல் ஒன்று, மிச்சம் 9. சி-யின் 16இல் ஒன்று, மிச்சம் 1. ஐந்தாவது இடம் பெரிய மிச்சம் வைத்திருக்கும் ஏ பிளாக்குக்கு. ஆக 3, 1, 1. பிளாக்குக்கு இத்தனை என்று இட ஒதுக்கீடு எதுவும் எழுதாமல் தானாக வந்த எண். அதோடு நாளைக்குப் பிளாக் முக்கியமில்லை, நாய் வளர்ப்போர் ஒரு பக்கம் வளர்க்காதோர் ஒரு பக்கம் என்று சண்டை மாறினால் சீட்டும் அதற்கேற்ப மாறிக்கொள்ளும். பிளாக் வாரியாக ஒதுக்கியிருந்தால் மாறாது.

இங்கே இந்திய அரசியல் சட்டத்தின் ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மாநிலங்களவை உறுப்பினர்கள் இந்த முறையில்தான் தேர்வாகிறார்கள், பல இடம், அதனால் பொருத்தம். ஆனால் குடியரசுத் தலைவரையும் "ஒற்றை மாற்று வாக்கு மூலம் விகிதாசாரப் பிரதிநிதித்துவ முறையில்" தேர்ந்தெடுக்க வேண்டும் என்று 55வது பிரிவு சொல்கிறது. ஒரே ஒரு ஆளை எந்த விகிதத்தில் பிரிப்பது? நடைமுறையில் அது பர்லிங்டன் முறைதான், 1969இல் வி.வி. கிரி இரண்டாம் விருப்பங்களை எண்ணித்தான் ஜெயித்தார். நாற்காலி ஒன்றானதும் விகிதம் ஆவியாகிவிடுகிறது.

பல இடம் இருந்தாலே நியாயம் வந்துவிடும் என்றும் இல்லை, எங்கள் சங்கமே சாட்சி. ஐந்து இடத்துக்கு ஐந்து டிக் கொடுத்தால் பெரும்பான்மை ஐந்தையும் அள்ளிவிடும். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பல ஊர்கள் இதைத் தெரிந்தே வைத்திருந்தன, கறுப்பினத்தவர் எந்த இடத்தையும் தொட முடியாதபடி. அலபாமாவின் சில்டன் கவுண்டியில் நீதிமன்ற வழக்குக்குப் பிறகு 1988இல் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள்: ஏழு இடம், ஏழு ஓட்டு, ஆனால் ஏழையும் ஒருவருக்கே கொட்டலாம். கறுப்பின மக்கள் சிறுபான்மைதான், தங்கள் ஓட்டுகளைக் குவித்து ஒருவரை உள்ளே அனுப்பினார்கள். முக்கியமான விதி ஒன்று தளர்ந்தது.

ஜப்பானின் உள்ளாட்சிகள் இன்னும் எளிமை, பல இடம், ஆளுக்கு ஒரே ஓட்டு. டோக்கியோவின் செத்தகாயா வட்ட மன்றத்துக்கு 50 பேரை ஒரே தொகுதியாக இப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள். சிறு குழுக்களும் சுயேச்சைகளும் தாராளமாக உள்ளே வர முடியும். கட்சிக்குத்தான் தலைவலி, அதிகப் பேரை நிறுத்தினால் ஓட்டு சிதறும், குறைவாக நிறுத்தினால் இடம் போகும். வாக்காளர் வேட்பாளரின் பெயரைக் கையால் எழுத வேண்டும், ஒரே குடும்பப் பெயர் உள்ள இருவர் நின்று, சீட்டில் குடும்பப் பெயர் மட்டும் இருந்தால், அந்த ஓட்டை இருவரும் வாங்கிய மற்ற ஓட்டுகளின் விகிதத்தில் பங்கிடுவார்கள். அதனால் தேர்தல் முடிவில் ஒருவருக்கு இத்தனை ஓட்டு, புள்ளி, மூன்று இலக்கம் என்று வரும். இதைப் படித்த அன்று எனக்கு நாள் முழுவதும் சந்தோஷமாக இருந்தது.

நான் தூக்கிப் பிடிக்கும் ஒற்றை மாற்று வாக்குக்கும் கறை உண்டு. ஸ்காட்லாந்துச் சீட்டில் பெயர்கள் அகர வரிசையில். ஒரே கட்சியிலிருந்து இருவர் நின்றால், மேலே இருப்பவருக்கு 1, கீழே இருப்பவருக்கு 2 என்று மேலிருந்து கீழாகப் போட்டுவிட்டுப் போகிறார்கள், அதனால் வரிசையில் முன்னே வரும் பெயர்காரர் தன் கட்சித் தோழரை முந்துவது திரும்பத் திரும்ப நடக்கிறது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா மாநிலம் இதற்கு மருந்து கண்டுபிடித்தது, பெயர் வரிசையை மாற்றி மாற்றிப் பல விதமாகச் சீட்டு அச்சடிப்பார்கள், யாருக்கும் மேலிட யோகம் நிலையாக இருக்காது. எளிய மருந்து, அச்சகத்துக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை, ஸ்காட்லாந்து இன்னும் வாங்கவில்லை.

அரைகுறையாகக் கலந்தால் என்ன ஆகும் என்பதற்கும் இலங்கைதான் பாடம். அங்கே உள்ளூராட்சி மன்றங்களுக்கு முன்பு கட்சிப் பட்டியல், அதற்குள் விருப்பு வாக்கு, அதனால் எதிர்க்கட்சியை விட்டுவிட்டுத் தன் கட்சிக்காரரோடே மோதல். "என் வட்டாரத்துக்கு யார் உறுப்பினர்?" என்ற கேள்விக்கும் பதிலில்லை. 2018இல் இருந்து 60 விழுக்காடு வட்டாரம், 40 விழுக்காடு பட்டியல். ஒரு கட்சி தன் விகிதத்துக்கு மேல் வட்டாரங்களை வென்றுவிட்டால் அதை எடுக்க முடியாது, மன்றத்தையே பெரிதாக்கி இடம் கொடுக்க வேண்டும். இந்த மாற்றங்களோடு நாடு முழுவதும் உறுப்பினர் எண்ணிக்கை சுமார் நாலாயிரத்து ஐநூறிலிருந்து எட்டாயிரத்தைத் தாண்டியது. உட்கார நாற்காலியும் இல்லை, பல மன்றங்களில் பெரும்பான்மையும் இல்லை.

சரி, மேலே இருப்பவர்களுக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்டேனே. நியூயார்க் நகரத்தில் 1935இல் ஜனநாயகக் கட்சி மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வாங்கி 65இல் 62 இடத்தைப் பிடித்தது. மறு வருடமே மக்கள் வாக்களித்து ஒற்றை மாற்று வாக்கைக் கொண்டுவந்தார்கள், 1937 முதல் 1945 வரை ஐந்து தேர்தல் நடந்தது. 1941இல் நகர மன்றத்துக்கு முதல் கறுப்பின உறுப்பினராக ஆடம் க்ளேட்டன் பவல் வந்தார், 1941இலும் 1943இலுமாகக் கம்யூனிஸ்டுகள் இரண்டு பேரும் வந்தார்கள். 1947இல் பனிப்போர் பயத்தைக் கிளப்பி முறையை ஒழித்தார்கள். சின்சினாட்டியில் 1925 முதல் இருந்தது, ஒன்பது பேர் மன்றம், அங்கே தியோடர் பெர்ரி என்ற கறுப்பின வழக்கறிஞர் 1955 தேர்தலுக்குப் பிறகு துணை மேயர் ஆனார், அடுத்து மேயராகவே ஆகிவிடுவார் என்று பேச்சுக் கிளம்பியது, 1957இல் முறை போயிற்று. (பெர்ரி 1972இல் எப்படியும் மேயர் ஆனார்.) இந்த இரண்டு ஊரிலும் முறை உடைந்ததால் எடுக்கவில்லை, வேலை செய்ததால் எடுத்தார்கள். அந்த அலையில் தப்பியது மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ், 1941இலிருந்து இன்றுவரை ஒன்பது இடத்துக்கு இதே முறை, நீக்கப் பலமுறை முயன்றும் நடக்கவில்லை. யாராவது பாதியில் விலகினால் இடைத்தேர்தல்கூட வைப்பதில்லை, அவரை ஜெயிக்க வைத்த சீட்டுகளை எடுத்து அவர் பெயரை விட்டுவிட்டு மறுபடி எண்ணுகிறார்கள். 2024இல் ஓரிகனின் போர்ட்லாந்தும் நான்கு தொகுதி, தலா மூன்று பேர் என்று இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது.

வேல்ஸில் 2021இல் ஒரு சட்டம் போட்டார்கள், ஒவ்வொரு உள்ளாட்சி மன்றமும் விரும்பினால் ஒற்றை மாற்று வாக்குக்கு மாறிக்கொள்ளலாம் என்று. நிபந்தனை, மன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் ஆதரிக்க வேண்டும். பழைய முறையில் ஜெயித்து உள்ளே உட்கார்ந்திருப்பவர்களிடமே கேட்பது. அடுத்த தேர்தலுக்கு எந்த மன்றமும் மாறவில்லை.

எங்கள் சங்கத்திலும் அதே கதைதான், விதியை மாற்றும் தீர்மானம் பொதுக்குழுவுக்கு வர வேண்டுமானால் செயற்குழுவில் மூன்று பேராவது கையெழுத்துப் போட வேண்டும். நான் மேலே சொன்ன 84 ஓட்டுக் கணக்கை ஒரு பக்கத்தில் எழுதி, பிளாக் பெயர்களை மட்டும் நீக்கிவிட்டு, ஐந்து பேருக்கும் கொடுத்தேன். ஒருவரும் கோட்டாவைப் பற்றிக் கேட்கவில்லை, மிச்ச ஓட்டு எப்படி நகரும் என்று கேட்கவில்லை. ஒரு வாரத்துக்குள் ஐந்து பேரும் தனித்தனியாக, ஒருவர் பார்க்கிங்கில், ஒருவர் மாடிப்படியில், ஒருவர் இரவு பத்து மணிக்கு போனில், கேட்டது ஒரே கேள்வி: "இதுல நான் ஜெயிப்பேனா சார்?"

"கண்டிப்பா ஜெயிச்சிடுவீங்க சார்" என்று ஐந்து பேரிடமும் சொன்னேன். மூன்று பேர் விஷயத்தில் அது உண்மை.